மேஸ்திரி படுக்காத நாட்கள்

அண்ணன் மகளுக்கு நாய் வேண்டுமாம். அதுவும் ஏதோ ஒரு நாய் இல்லை, பார்டர் கோலிதான் வேண்டுமாம். ஃபோனில் பார்த்திருக்கிறாள், கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு நாய் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போடுகிறதாம். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீ என்ன சொல்ற?" என்றான்.

"உன் வீட்ல அதுக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்டேன்.

"நாய்க்கு என்னடி வேலை?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு எவனாவது கேட்டால் சரி, தெரியாது என்று விட்டுவிடலாம். எங்கள் வீட்டு நாய் மேஸ்திரியோடு வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த வீடு, அந்தப் படிக்கட்டு, மெஷின் எண்ணெய் வாசனை எல்லாம் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

கீழே அப்பாவின் தையல் மெஷின் ரிப்பேர் கடை, மேலே வீடு. தெருப்பக்கம் ஷட்டர். அதை ஒட்டி ஒரு சின்ன இரும்பு கேட். திறந்தால் ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்து, சந்தின் முடிவில் மாடிப்படி. கடையின் பின்கதவும் அந்தப் படியருகில்தான் திறக்கும். அப்பா நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து யாருடைய மெஷினையாவது கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். பேச்சே கிடையாது. மெஷின் நூலை அறுக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் "ம்" என்பார். சரிசெய்து கொடுக்கும்போதும் அதே "ம்"தான்.

அம்மா அதற்கு நேரெதிர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துத் தெருவில் போகிறவன்கூட வரிசையில் வந்து நிற்பான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. "ஏம்மா இப்படிக் கத்துற?" என்று நான் அதைவிட உரக்கக் கத்துவேன். எனக்கு யாருடைய வாய் என்று யாரும் கேட்டதே இல்லை.

மேஸ்திரியை அம்மாதான் ஒருநாள் பந்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அவளிடம் படித்த பெண்ணின் வீட்டில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். அங்கே இருந்த நாய் போட்ட குட்டிகளில் மற்றதெல்லாம் ஆட்டை மேய்க்கப் பழகிவிட்டதாம். இது மட்டும் ஆட்டை விட்டுவிட்டு வாத்தை வளைத்ததாம், வைக்கோல் கட்டை வளைத்ததாம், வாசலில் நின்ற விருந்தாளிகளை ஓரமாய் ஒதுக்கிக் கொண்டுபோய் நிறுத்தியதாம். தொல்லை தாங்காமல் டீச்சர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பார்த்த உடனே கேட்டாள். "என்ன சாதி நாய் இது?"

"பார்டர் கோலி அண்ணி."

"கோலின்னா, கோலிக்குண்டா?"

"ஆமா அண்ணி. உருட்டி விளையாடலாம்" என்றாள் அம்மா.

உருட்டியது என்னவோ அதுதான், எங்களை. குட்டியாக இருக்கும்போதே அப்படி. நாங்கள் நடந்தால் பின்னாலேயே வந்து குதிகாலில் மெல்ல ஒரு கவ்வு. வலிக்காது, ஆனால் அசட்டையாக இருக்கவும் விடாது. தெருவில் சைக்கிள் போனால் சக்கரத்தைத் துரத்தும். அதைத் தடுத்துப் பழக்குவதற்குள் அம்மாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பிறகு அந்தப் பார்வை. வயிறு தரையில் படுகிற மாதிரி பதுங்கி, தலையைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் பார்க்கும். குரைக்காது, உறுமாது. அந்தப் பார்வை நம்மேல் விழுந்தால் உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து எங்கேயாவது போகத்தான் தோன்றும். எங்கே போகவேண்டும் என்பதையும் அதுவே முடிவுசெய்து வைத்திருக்கும். அப்பாதான் மேஸ்திரி என்று பெயர் வைத்தார். அவர் அந்த வருஷம் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அம்மா அதற்குச் செய்த வேலைகளை இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. விடிந்ததும் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓடவிடுவாள். பந்துகளை நாலா பக்கமும் எறிந்து எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்க்கச் சொல்லுவாள். அது நடுவில் நிறுத்தாது. இவள்தான் போதும் என்று சொல்லித் தண்ணீர் வைக்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் மெஷினில் நூல் சுற்றுகிற பழைய பாபினைத் துணிக்குள் சுற்றி ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுவாள். "உடம்பு களைச்சா மட்டும் பத்தாது. இதுக்கு மூளையும் களைக்கணும். இல்லன்னா வீட்டையே பிரிச்சு மேஞ்சுடும்" என்பாள்.

முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமாய், அடியில் பஞ்சு மாதிரி. வெயில் காலம் வந்தால் அடிமுடி கொத்துக்கொத்தாய் உதிரும். மாடி முழுக்கப் பறக்கும். காதுக்குப் பின்னாலும் தொடையிலும் சீப்புப் போடாவிட்டால் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். அத்தை ஒரு கோடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொட்டை அடிச்சு விடு, அதுக்கும் காத்தாட இருக்கும்" என்றாள்.

"அது போட்டிருக்கிறது கம்பளி இல்ல அண்ணி, குடை. வெயிலும் உள்ள போகாது" என்று அம்மா சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் முணுமுணுத்துக்கொண்டே வாரினேன். மருந்துக்கடையில் சொல்கிற மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். நாம் சாதாரணமாக நினைக்கிற சில மருந்துகூட இந்தச் சாதிக்கு ஆகாதாம்.

இவ்வளவும் சொன்னது ஒரு விஷயத்துக்காக. சாயங்காலம் ஆனால் மேஸ்திரிக்கு ஒரு வேலை உண்டு. அம்மா மாடிப்படியின் தலையில் நின்று, "எல்லாரும் மேல" என்று ஒரு குரல் கொடுப்பாள். மேஸ்திரி கிளம்பும். தெருவில் அரட்டையடித்துக்கொண்டிருக்கும் அண்ணனை வளைத்துக் கேட்டுக்குள் தள்ளும். மொட்டைமாடியில் புத்தகத்தோடு கிடக்கும் என்னை எழுப்பிக் கீழே இறக்கும். கடைசி ஆள் எப்போதும் அப்பாதான். ஸ்டூலுக்கு முன்னால் பதுங்கி அந்தப் பார்வையைப் பார்க்கும். அவர் "வரேன், இந்த ஒரு ஸ்க்ரூ" என்பார். ஸ்க்ரூ முடியாது. பின்னால் சுற்றிப்போய்க் குதிகாலைக் கவ்வும். அப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு படியேற, அது கூடவே இடமும் வலமுமாய் அணைகட்டிக்கொண்டு வரும். எல்லாரும் கூடத்துக்கு வந்ததும் ஒரு சுற்று சுற்றி ஒவ்வொருவர் காலிலும் மூக்கை வைக்கும். பிறகு கதவுக்குக் குறுக்கே படுத்து ஒரு பெருமூச்சு விடும். அதற்குப் பிறகு இடி விழுந்தாலும் எழுந்திருக்காது. ஒரு ஆள் குறைந்தால் படுக்காது. அண்ணன் நண்பன் வீட்டில் தங்கிவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

அந்தச் சாயங்காலங்கள் அப்போது எனக்குப் பெரும் எரிச்சல். இப்போது அதில் ஒன்று கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

அம்மா காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பி அப்படி வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது மேஸ்திரி கிட்டே வந்தது. அவள் கையை முகர்ந்தது, முகத்தை முகர்ந்தது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து அப்பாவிடம் போய்விட்டது. ஊளையிடவில்லை, ஒன்றும் செய்யவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நன்றி கெட்ட நாய் என்று எல்லார் முன்னாலும் திட்டினேன்.

அதற்குப் பிறகு அப்பா மேலே வருவதை நிறுத்திவிட்டார். கடையின் பின்பக்கம் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தால் "ம்" என்று வாங்கிக்கொள்வார். முன்னெல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் ஓட்டை மெஷின்களைக்கூட எடுத்துவைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். அண்ணன் வெளியே சுற்றினான். நான் மேலே தனியாகச் சமைத்துக்கொண்டு சுவரோடு சண்டை போட்டேன்.

மேஸ்திரி ஓட ஆரம்பித்தது அப்போதுதான். மேலே வரும், கூடத்தைச் சுற்றும், கீழே போகும், மேலே வரும். பகலெல்லாம் படியில் நகச்சத்தம். ஒரு இடத்தில் படுக்காது, வைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே கிடக்கும். எலும்பு தெரிய இளைத்தது. வாராமல் விட்ட முடி சிக்காய்த் தொங்கியது.

பார்த்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். "எஜமானியைத் தேடுது பாவம்." மெஷின் கொண்டுவந்த பெண்கள் அதற்குப் பிஸ்கட் வாங்கிப் போட்டார்கள். அத்தை எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "அதுக்கு இருக்கிற பாசம் மனுஷங்களுக்கு இல்ல" என்றாள். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி நானும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கும், பிறகு நழுவிப் படியிறங்கும்.

ஒருநாள் படியில் ரத்தப் பொட்டுகள் இருந்தன. உள்ளங்கால் பிளந்திருந்தது. நாங்கள் கட்டுப்போட்டால் பல்லால் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஓடியது. அத்தை அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

"தம்பி, இது இங்க இருந்தா ஓடியே செத்துப்போகும். அந்த ஆட்டுப் பண்ணைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வராராம்."

அப்பா தலை நிமிராமல், "சரிக்கா" என்றார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "அம்மா வளத்த நாயை அனுப்பிட்டு இங்க என்னப்பா மிச்சம் இருக்கப்போகுது?" என்று கேட்டேன்.

"அது அவளைத் தேடுறதை என்னால பாக்க முடியல பாப்பா" என்றார். அதோடு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மறுநாள் கால் புண்ணுக்காக மேஸ்திரியைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். செத்துப்போன அம்மாவைத் தேடி ஓடுகிறது என்றேன். மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே அவர் கேட்டார். "அம்மா எந்த வழியா வீட்டுக்கு வருவாங்க?"

"கேட் வழியா."

"அப்ப நாள் பூரா கேட்லதான் கிடக்குதா?"

"ஆமா டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உறுத்தியது. நான் அதைக் கேட்டில் பார்த்ததாக நினைவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். மேஸ்திரி நொண்டிக்கொண்டு மேலே போனது. அம்மாவின் அறையைத் தாண்டிப் போனது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் செருப்பு இன்னும் அதே மூலையில்தான் இருந்தது, அதை முகரவில்லை. படுத்துக்கிடந்த அண்ணன் காலில் மூக்கை வைத்தது. திரும்பி வந்து என் காலில் வைத்தது. பிறகு என்னைத் தாண்டிக் கீழே இறங்கியது. கேட் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கடையின் பின்கதவுக்குள் நுழைந்தது.

நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். அப்பாவின் ஸ்டூலுக்கு முன்னால் வயிறு தரையில் படப் பதுங்கியிருந்தது. தலை தாழ்ந்து, கண் இமைக்காமல் அதே பார்வை. அப்பா பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை. அது பின்னால் சுற்றிப்போய் அவர் குதிகாலை மெல்லக் கவ்வியது. அப்பா காலை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்தது. பிறகு எழுந்து, மேலே இருக்கிற ஆட்கள் கலைந்துவிடாமல் இருக்கிறார்களா என்று பார்க்க மறுபடியும் படியேறியது.

ஊரே அழுது பிஸ்கட் போட்டதே, அது எதற்கு? இது போனவளைத் தேடவே இல்லை. போனவளிடம் அது அன்றைக்கே விடைபெற்றுக்கொண்டுவிட்டது. இருக்கிறவர்களை ஒன்றுசேர்க்க முடியாமல் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

அப்போதே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன், ஆனால் அத்தை வந்துவிட்டாள். அவள் முன்னால் சொன்னால் அரைமணி நேரம் பிரசங்கம் கேட்கவேண்டும்.

மறுநாள்தான் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பண்ணைக்காரர் வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். குந்தி உட்கார்ந்து மேஸ்திரியின் கண்ணைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். "புண்ணு ஆறட்டும், அப்புறம் ஆட்டுல விடுறேன்" என்றார். அத்தை அவருக்கு டீ கொடுத்தாள். அப்பா மேஸ்திரியின் கழுத்தில் சங்கிலியை மாட்டினார். மாட்டுவதற்கு அவருக்குக் கை வரவில்லை. கொக்கி நழுவிக்கொண்டே இருந்தது. அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அது அம்மாவைத் தேடல" என்றேன்.

"பேசாம இரு பாப்பா."

"உங்களைத்தான் கூப்பிடுது. நீங்க மேல வராம அது படுக்காது. நான் பாத்தேன்ப்பா. கேட்டுக்குப் போகல, அம்மா ரூமுக்குப் போகல. உங்ககிட்டதான் வருது, போகுது. சங்கிலியைக் கழட்டிட்டு ஒரு தடவ மேல வாங்க. அப்பவும் ஓடுச்சுன்னா நானே வண்டியில ஏத்திவிடுறேன்."

அத்தை பேச வாயெடுத்தாள். அண்ணன், "அத்தை, நீங்க டீயைப் பாருங்க" என்றான். அவன் வாழ்நாளில் எனக்காகப் பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"என்னால முடியாது பாப்பா" என்றார் அப்பா. "கீழ இருந்தா அவ மேல இருக்கான்னு நெனச்சுக்கலாம். ஏதோ வேலையா இருக்கா, இப்பக் கூப்பிடுவா. அப்படி நெனச்சுக்கிட்டே மெஷினைப் பாத்துட்டு இருந்துடுவேன். மேல வந்தா அது போயிடும்."

நான் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "எங்களுக்கு மேல அம்மாவும் இல்லப்பா. நீங்களும் இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அதில் எண்ணெயே இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டார். பின்கதவு வழியாகப் போய் முதல் படியில் காலை வைத்தார்.

மேஸ்திரி துள்ளவில்லை, வாலாட்டவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர் பின்னால் நின்றது. அவர் ஒரு படி ஏறினால் அதுவும் ஒரு படி ஏறியது. நடுவில் அவர் நின்றுவிட்டார். திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அது கட்டுப்போட்ட காலோடு இடப்பக்கம் போய் நின்றது, வலப்பக்கம் போய் நின்றது. குதிகாலைக் கவ்வவில்லை. காத்திருந்தது. அப்பா மீதிப் படிகளையும் ஏறினார்.

கூடத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். அண்ணன் எதிரே உட்கார்ந்தான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மேஸ்திரி ஒரு சுற்று சுற்றியது. அண்ணன் காலில் மூக்கை வைத்தது, என் காலில் வைத்தது, அப்பா காலில் வைத்துக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. பிறகு கதவுக்குக் குறுக்கே போய்ப் படுத்தது. நீளமாய் ஒரு மூச்சு விட்டது. கண் மூடியது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலியாக இருந்த சமையலறை வாசலைப் பார்த்தார். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால்தான் அது தூங்கும் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அப்ப இவ்வளவுதானா நாம?" என்று கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன். "இவ்வளவுதான்."

அம்மா போன அன்றைக்குக்கூட அழாத மனுஷர் அப்போது அழுதார். வாய்விட்டு, குழந்தை அழுகிற மாதிரி அழுதார். அண்ணன் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், நானும் போய் உட்கார்ந்தேன். கீழே பண்ணைக்காரரின் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. அவ்வளவு தூக்கம்.